கேஜில் எல்லாம் சரி, காற்று மட்டும் குளிரவில்லை: ஆர்-12 காரில் அடுப்பு கேஸ் ஏற்றிய ஒரு நிகழ்வு

மாமா போனில் சொன்னது இதுதான்: "மாப்பிள்ளை, காலையில கார் கதவைத் திறந்தா அடுப்பு கேஸ் வாடை அடிக்குது. கொஞ்ச நேரம் கண்ணாடியை இறக்கிவிட்டா போயிடுது. ஏசியும் சுமாராத்தான் வருது, சாயங்காலம் வந்து கேஜ் போட்டுப் பாரேன்."

ஏசி சுமாராக வருவதுதான் அவருக்குப் பெரிய விஷயம், வாடையைப் போகிறபோக்கில் சொன்னார். எனக்கு வாடை மட்டும்தான் காதில் விழுந்தது. "மாமா, சாவியைத் தொடாதீங்க. கதவு நாலையும் திறந்து வெச்சிட்டு தள்ளி வந்துருங்க, உள்ளே எந்த சுவிட்சையும் போடாதீங்க, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கார் ஏசி எனக்குத் தொழில் இல்லை. ஆனால் பல வருடமாக என் வண்டியையும் உறவுக்காரர்கள் வண்டிகளையும் நானேதான் பார்க்கிறேன், வாயு அழுத்தம் பார்க்கும் கேஜ் செட், உள்ளே இருக்கும் காற்றை இழுத்து வெளியேற்றும் வேக்கம் பம்ப், கேஸை நிறுக்கத் தராசு எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறேன். மாமாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அவருடைய குறிப்பேட்டில் இருந்த எண்களையும் அவரே தந்தார்.

வண்டி

1991இல் வந்த செடான். பானட்டுக்கு அடியில் பாதி உரிந்த ஒரு ஸ்டிக்கரில் ஆர்-12, 900 கிராம் என்று இன்னும் படிக்க முடிகிறது. ஆர்-12 என்பது அந்தக் கால கார் ஏசிகளைக் குளிர வைத்த வாயு, ஓசோனைக் கெடுப்பது. ஓசோன் படலத்துக்காக 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, வளர்ந்த நாடுகளில் 1995 முடிவோடும் மற்ற நாடுகளில் 2010லும் ஆர்-12 உற்பத்தி நின்றது. கார் நிறுவனங்கள் 1990களின் முதல் பாதியிலேயே ஓசோனைக் கெடுக்காத ஆர்-134ஏ என்ற வாயுவுக்கு மாறிவிட்டன. இந்த வண்டி அந்த மாற்றத்துக்குச் சற்று முன்னால் பிறந்தது, அதுதான் அதன் பிரச்சினை. மூன்று வருடத்துக்கு முன்பு குளிர் குறைந்து குறைந்து நின்றுபோனது. காட்டிய இடத்தில் பழைய கேஸ் கிடைக்காது, மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மாமா அப்படியே விட்டுவிட்டார்.

அப்புறம் வீடியோக்கள் பார்த்தார். கையடக்க அடுப்புக்கு வரும் சின்ன கேஸ் கார்ட்ரிட்ஜை ஏசிக்குள் ஏற்றலாம், பழைய ஆயிலோடு ஒத்துப்போகும், குளிர் அபாரமாக வரும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். மாமா நாற்பது வருடம் லேத் ஓட்டியவர். கார்ட்ரிட்ஜுக்கும் ஏசி வால்வுக்கும் நடுவே மாட்டும் அடாப்டரைப் பித்தளையில் தானே கடைந்திருந்தார். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன், மரை அவ்வளவு சுத்தம், சோப்புத் தண்ணீர் தடவினால் ஒரு குமிழ்கூட வராது. அசட்டையாக எதையும் செய்கிற மனிதர் இல்லை அவர். இந்தச் சம்பவத்தை நான் எழுத நினைத்ததற்கு அதுதான் காரணம், ஏனென்றால் கவனமான ஒருவரே இதில் எந்த இடத்தில் ஏமாந்துபோகிறார் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

முதல் தடவை 220 கிராம் கார்ட்ரிட்ஜில் ஒன்றரை ஏற்றியிருக்கிறார். வேக்கம் போடவில்லை. நான்கு வாரத்தில் குளிர் குறைந்தது, இன்னொரு முழு கார்ட்ரிட்ஜ் போனது. இரண்டு வாரம் கழித்து எனக்குப் போன்.

எண்கள்

நான் போனதும் இரண்டு பேருமாக வண்டியைத் திறந்த வெளிக்குக் கையால் தள்ளினோம். ஒரு மணி நேரம் காற்றாட விட்டோம். எரிவாயு டிடெக்டரை உள்ளே நீட்டி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பேட்டரியைக் கழற்றினேன். அதனால் அன்று ஏசியை நான் ஓட்டிப் பார்க்கவே இல்லை. ஓடும்போது எடுத்த எண்கள் எல்லாம் மாமா இரண்டாவது முறை கேஸ் ஏற்றிய அன்று தன் குறிப்பேட்டில் எழுதியவை: வெளியே 33 டிகிரி, லோ சைடு (வாயு கொதித்துக் குளிர வைக்கும் கூலிங் காயில் உள்ள பக்கம்) 30 பிஎஸ்ஐ அழுத்தம், ஹை சைடு (கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் பக்கம்) 185, டேஷ்போர்டு காற்று 17 டிகிரி. பக்கத்தில் அடிக்கோடிட்டு ஒரு வரி, "கண்டென்சரிலிருந்து வரும் குழாய் கையில் பிடிக்க முடிகிறது, சூடு போதவில்லை, ஏன்?" (கண்டென்சர் என்பது வண்டியின் முன்பக்கத்தில் இருந்து வெப்பத்தை வெளியேற்றி வாயுவைத் திரவமாக்கும் பகுதி.)

30க்கு 185. ஆர்-12 வண்டி நன்றாக ஓடினால் வெயில் நாளில் கேஜ் காட்டும் எண்கள் இவையேதான், பழைய ரிப்பேர் புத்தகம் எதை எடுத்தாலும் இதை ஒட்டித்தான் போட்டிருக்கும். மாமாவும் அதைப் பார்த்துத்தான் கார்ட்ரிட்ஜை நிறுத்தியிருக்கிறார். ஆனால் காற்று 17 டிகிரி. 8, 9 வர வேண்டிய இடம் அது.

இங்கேதான் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்து யோசித்தேன். ஒவ்வொரு வாயுவுக்கும் வெப்பநிலைக்கு ஏற்ற ஓர் அழுத்தம் உண்டு. ஆர்-12 சுத்தமாக இருந்தால் 30 பிஎஸ்ஐயில் 0 டிகிரியில் கொதிக்கும், அதனால்தான் அந்த 30 நல்ல எண். காயிலுக்குள் எவ்வளவு திரவம் விட வேண்டும் என்று பார்ப்பது எக்ஸ்பான்ஷன் வால்வு, அதன் உணர்குமிழுக்குள் வாயுவை அடைத்து வைத்திருப்பதும் அந்தக் கணக்கில்தான். உள்ளே ஓடுவது வேறு வாயு என்று வால்வுக்கு எப்படித் தெரியும்? கார்ட்ரிட்ஜில் இருந்தது பெரும்பாலும் பியூட்டேன், கொஞ்சம் புரொப்பேன், லேபிளில் 70க்கு 30 என்று போட்டிருந்தது. பியூட்டேன் சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிப்பது கிட்டத்தட்ட 0 டிகிரியில், ஆர்-12 கொதிப்பதோ மைனஸ் 30இல். இந்தக் கலவை 0 டிகிரிக்கு வர வேண்டுமென்றால் லோ சைடு அழுத்தம் 30ஐவிட நன்றாக இறங்கியிருக்க வேண்டும். வால்வு விடவில்லை, அழுத்தம் குறைகிறதே என்று இன்னும் அகலத் திறந்து 30ஐ எட்டிப் பிடித்தது. அந்த 30இல் இந்தக் கலவை கொதிப்பது 10 டிகிரிக்குப் பக்கத்தில். கூலிங் காயிலே 10 டிகிரியில் இருக்கும்போது வெளியே வரும் காற்று 17இல்தான் நிற்கும்.

லோ சைடு சரி, அப்படியானால் ஹை சைடில் 185 எப்படி வந்தது? இந்தக் கலவை மட்டும் இருந்திருந்தால் கண்டென்சர் 50 டிகிரியில் இருக்கும்போது 110 பிஎஸ்ஐ அளவில்தான் காட்டியிருக்க வேண்டும். மிச்சம் காற்று. மூன்று வருடம் ஓட்டையோடு கிடந்த சிஸ்டத்தில் வேக்கம் போடாமல் கேஸ் ஏற்றியதால் உள்ளே இருந்த காற்று அப்படியே தங்கிவிட்டது, ஏசி ஓடும்போது அது எங்கேயும் திரவமாக மாற முடியாமல் கண்டென்சரில் போய்ச் சேர்ந்து அழுத்தத்தை ஏற்றிக் காட்டியது. ஆர்-12 உண்மையாகவே 185இல் இருந்திருந்தால் கண்டென்சருக்குள் 55 டிகிரி இருந்திருக்கும், அந்தக் குழாயைச் சில விநாடிக்கு மேல் பிடிக்க முடியாது. மாமா பிடித்திருக்கிறார். அவருடைய கை சரியாகச் சொன்னது, கேஜை நம்பி அதை ஒதுக்கிவிட்டார்.

வண்டி நின்றபோது நான் எடுத்தது ஒரே ஓர் எண், 30 டிகிரியில் இரண்டு பக்கமும் 75 பிஎஸ்ஐ. ஆர்-12 என்றால் 93 இருக்க வேண்டும், இந்தக் கலவை சுத்தமாக இருந்தால் 60. அறுபதோடு, உள்ளே தங்கிய காற்றுக்காக ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது 15ஐக் கூட்டிப் பாருங்கள், 75 வந்துவிடும்.

வாடை

கேஸ் குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது, எங்கே என்பதுதான் கேள்வி. கம்ப்ரசர் ஷாஃப்ட் சீலிலோ கண்டென்சரிலோ லீக் இருந்தால் வாடை பானட்டுக்கு அடியில்தான் வரும். காலையில் கதவைத் திறந்ததும் வருகிறது என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்தான். வாடைக்காகக் கலந்த மெர்காப்டான் அந்தக் கார்ட்ரிட்ஜில் இருந்தது நம் நல்ல காலம். சில வகைகளில் அது கலக்கப்படுவதில்லை.

மாமா அதற்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். நான்கு வாரத்தில் 200 கிராம் போயிருந்தால் நாளுக்கு 7 கிராம், ஓர் இரவுக்கு 3 அல்லது 4. கேபின் சுமார் 3 கன மீட்டர். இந்த வாயு காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கலந்தாலே எரியும், அந்த அளவுக்கு கேபின் முழுதும் கலக்க 120 கிராம் தேவை. "அப்போ முப்பதுல ஒரு பங்குதானே மாப்பிள்ளை?" என்றார். கணக்கில் தப்பில்லை. ஆனால் கசிகிற கேஸ் நேராக கேபின் முழுக்கப் பரவுவதில்லை. காயில் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில்தான் முதலில் சேர்கிறது, அந்தப் பெட்டி 15 லிட்டர் இருந்தால் அதை எரியும் நிலைக்குக் கொண்டுவர 0.6 கிராம் போதும். பியூட்டேன் காற்றைப் போல இரண்டு மடங்கு கனம், வெளியே வந்தாலும் கால் வைக்கும் பள்ளத்தில் தேங்கும். ப்ளோயர் மோட்டாரின் கார்பன் பிரஷ் ஓடும்போதெல்லாம் பொறி விடும், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் சூடேறும், இரண்டும் அதே காற்றுப் பாதையில் இருக்கின்றன. தினமும் காலையில் அவர் முதலில் செய்தது சாவியைத் திருப்பி ப்ளோயரைப் போட்டதுதான். கண்ணாடியை இறக்கியது அதற்கு அப்புறம்.

இதைச் சொன்னதும் மாமா எதுவும் பேசவில்லை. பின் சீட்டில் பேரனின் பள்ளிப் பை கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திறந்தபோது

உள்ளே இருந்ததை எடுப்பதே தனி வேலை ஆனது. சாதாரண ரெகவரி மெஷின் எரியும் வாயுவுக்குச் செய்யப்பட்டதில்லை, அதில் இழுத்தால் மெஷினுக்கும் ஆபத்து, அதன் சிலிண்டரில் இருக்கும் நல்ல கேஸும் கெட்டுவிடும். அதற்கான உபகரணம் வைத்திருந்த ஒரு டெக்னீஷியன் முதலில் எந்த வாயு என்று சொல்லும் ஐடென்டிஃபையர் கருவியை வைத்துப் பார்த்தார், காற்று 16 சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி ஹைட்ரோகார்பன், கொஞ்சம் பழைய ஆர்-12. இந்தக் கலவையை யாரும் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்க முடியாது. கழிவு என்று எழுதிய தனி சிலிண்டரில் ஏற்றி, அழிக்க அனுப்பினார்.

டேஷ்போர்டைக் கழற்றிக் காயிலை வெளியே எடுக்க அரை நாள் ஆனது. கீழ் ஓரத்தில் முப்பது வருட இலைச் சருகும் தூசியும் ஈரத்தில் ஊறி, கறுத்த சேறாக ஒட்டியிருந்தது. அதை விரலால் வழித்தபோது ஒரே ஓர் இடம் மட்டும் வழவழவென்று இருந்தது, ஆயில். ஒரு முனையை அடைத்து மறுமுனையில் நைட்ரஜனை 10 பாருக்கு ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினோம். அதே இடத்திலிருந்து குண்டூசித் தலை அளவு குமிழ், இரண்டு விநாடிக்கு ஒன்று, நிதானமாக மேலே வந்துகொண்டே இருந்தது. மாமா தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தார். (லீக் பார்க்க ஆக்சிஜனையோ கம்ப்ரசர் காற்றையோ ஏற்றாதீர்கள், உள்ளே ஆயில் இருக்கிறது, வெடிக்கும்.)

மூன்று வருடத்துக்கு முன்பு ஆர்-12 போனதும் இந்த ஓட்டை வழியாகத்தான். அப்போது எரியாத வாயு போனதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கம்ப்ரசரைக் கவிழ்த்தோம். 150 மி.லி. ஆயில் வர வேண்டும், வந்தது 40, அதுவும் தண்ணீர் மாதிரி, சாம்பல் நிறத்தில். ஹைட்ரோகார்பன் பழைய மினரல் ஆயிலோடு ஒத்துப்போகும் என்று வீடியோவில் சொன்னது உண்மைதான், ஆனால் அளவுக்கு மேல் ஒத்துப்போய் ஆயிலை நீர்க்க வைத்துவிடும். வால்வு அகலத் திறந்து ஆவியாகாத திரவமும் கம்ப்ரசருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்ததால் இருந்த ஆயிலையும் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. பிஸ்டனில் கீறல் விழத் தொடங்கியிருந்தது, இன்னும் ஒரு கோடையைத் தாங்கியிருக்காது என்பது என் கணிப்பு.

வீட்டு ஃப்ரிட்ஜில் அதே கேஸ்தானே?

மாமாவின் மகன் கேட்டது, நியாயமான கேள்வி. ஐசோபியூட்டேன் நல்ல குளிர்பதனி, கோடிக்கணக்கான ஃப்ரிட்ஜ்களில் ஓடுகிறது, ஓசோனைத் தொடாது, புவி வெப்பத்துக்கும் ஆர்-12 செய்ததில் துளிகூடச் செய்யாது. ஹைட்ரோகார்பன் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் ஃப்ரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம், வீட்டு ஃப்ரிட்ஜுக்கான சர்வதேசத் தரவிதி 150 கிராமுக்கு மேல் விடாது. கம்ப்ரசர், மோட்டார், குழாய் எல்லாம் பற்றவைத்து மூடியது, உள்ளே சுவிட்ச் வைப்பதைக்கூட எரியும் வாயுவை மனதில் வைத்தே வடிவமைக்கிறார்கள். வாயுவும் உலர்ந்தது, சுத்தமானது. காரில் பெல்ட்டில் சுழலும் ஷாஃப்டுக்கு ஒரு ரப்பர் சீல், அதிர்கிற எஞ்சினுக்கு ரப்பர் ஹோஸ், முன்னால் எது மோதினாலும் முதலில் நசுங்குவது கண்டென்சர். அடுப்பு கேஸில் கலவை விகிதம் மாறும், ஈரமும் இருக்கும், அதை எரிப்பதற்காகச் செய்திருக்கிறார்கள். புரொப்பேனையும் ஐசோபியூட்டேனையும் அளந்து கலந்து ஆர்-12 அழுத்தத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து விற்ற வாயுக்களும் உண்டு, அவற்றில் இந்த 17 டிகிரிப் பிரச்சினை வராது, ஆனால் அமெரிக்காவில் 1990களிலேயே அவற்றை ஆர்-12 கார்களில் போடக் கூடாது என்றுவிட்டார்கள். காரணம், கேபினுக்குள் கசியக்கூடிய இந்தக் காயில்தான்.

கீபோர்டு தூசி ஊதும் ஸ்பிரேயைப் பற்றியும் கேட்டான். பலவற்றில் இருப்பது ஆர்-152ஏ, அழுத்தத்தில் ஆர்-134ஏவுக்குப் பக்கம், அதனால் குளிரும். அதுவும் எரியும், எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும். யாரும் முகரக் கூடாது என்று கசப்புப் பொருள் வேறு கலக்கிறார்கள், அது ஏசிக்குள் போக வேண்டிய பொருள் இல்லை.

பெயர் தெரியாத வாயு என்ன செய்யும் என்பதற்கு 2011இல் நடந்ததைச் சொன்னேன். கப்பலில் போகும் குளிர்பதன கன்டெய்னர்களில் ஆர்-134ஏ என்ற பெயரில் போலி கேஸ் ஏற்றப்பட்டது, அதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு சேர்மமாக மாறியது. சில கன்டெய்னர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். கேஜ் போட்டுப் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

சரிசெய்தது

புதுக் காயில், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் புதிது, எல்லா ஓ-ரிங்கும் புதிது, ரப்பர் ஹோஸ்களை வாயு கசிவைத் தடுக்கும் படலம் உள்ள பேரியர் வகைக்கு மாற்றினோம். டிரையரில் எக்ஸ்எச்-5 என்ற பழைய உலர்த்தி ஆர்-134ஏவுக்கு ஆகாது, எக்ஸ்எச்-7 உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். ஆர்-134ஏ மினரல் ஆயிலோடு கலக்காது, கம்ப்ரசருக்குத் திரும்பாமல் ஆயில் காயிலிலேயே தங்கிவிடும், அதனால் கண்டென்சரையும் குழாய்களையும் ஃப்ளஷ் செய்து எஸ்டர் ஆயில் அளந்து ஊற்றினோம். கீறல் விழுந்த கம்ப்ரசருக்குப் பதில் ரீகண்டிஷன் செய்தது ஒன்று. அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் ஹை பிரஷர் சுவிட்ச் இந்த வண்டியில் இல்லை, சேர்த்தோம். எக்ஸ்பான்ஷன் வால்வை மட்டும் மாற்றவில்லை. 0 டிகிரியில் ஆர்-12க்கும் ஆர்-134ஏவுக்கும் அழுத்த வித்தியாசம் 2 பிஎஸ்ஐதான், பழைய வால்வு அதை நன்றாகவே சமாளிக்கிறது.

நைட்ரஜனில் ஓர் இரவு வைத்தோம், கேஜ் முள் நகரவில்லை. அப்புறம் வேக்கம், 500 மைக்ரானுக்குக் கீழே, அதாவது ஒரு மில்லிபாருக்கும் குறைவாகப் போகும் வரை, பம்ப்பை மூடி அரை மணி நேரம் காத்திருந்து ஏறுகிறதா என்று பார்த்தது. 30 டிகிரியில் தண்ணீர் 42 மில்லிபாரிலேயே கொதித்து வெளியேறத் தொடங்கும், ஆனால் டிரையருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் ஊறியிருப்பதை இழுக்க அதைவிட ஆழமும் நேரமும் வேண்டும், இதில் அவசரப்படவே கூடாது. சிலிண்டரைத் தராசில் வைத்து 740 கிராம் ஏற்றினோம், பழைய 900இல் 82 சதவீதம். தராசு முன்னால் உட்கார்ந்தவர் மாமாதான். எண் 740 தொட்டதும் வால்வை அவரே மூடினார், கேஜைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே 33 டிகிரி, லோ 31, ஹை 210, காற்று 8.5. ஹை சைடு ஆர்-12ஐவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆர்-134ஏவுக்கு அது இயல்பு.

பழைய ஸ்டிக்கரைக் கிழிக்காமல் அதன் பக்கத்திலேயே மாமா ஒரு தகரத் துண்டில் எழுத்து வெட்டி ரிவெட் அடித்திருக்கிறார்: ஆர்-134ஏ, 740 கிராம், எஸ்டர் ஆயில், மாற்றிய தேதி. பழைய ஆர்-12 வால்வுகளின் மேல் ஆர்-134ஏ முனைகளை மாட்டியாகிவிட்டது, அவர் கடைந்த பித்தளை அடாப்டர் இனி அதில் நுழையாது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. ஓடும்போது குளிர் குறையவில்லை. நெரிசலில் நின்றுவிட்டால் மட்டும் காற்று 13 வரை ஏறுகிறது, பழைய டியூப் அண்ட் ஃபின் கண்டென்சருக்கு ஆர்-134ஏவின் வெப்பத்தை நின்ற இடத்தில் வெளியேற்றத் தெம்பு போதவில்லை. வெப்பத்தை இன்னும் நன்றாக வெளியேற்றும் பேரலல் ஃப்ளோ கண்டென்சர் ஒன்றை அந்த இடத்துக்குப் பொருத்த பிராக்கெட் அளவெடுத்து வைத்திருக்கிறோம், அதை மாமா லேத்தில் செய்துகொண்டிருக்கிறார்.